தண்ணி இருந்தா நெல்லு போடுவோம்

“இஃப் தேர் இஸ் வாட்டர், வீ வில் ப்ளான்ட் பேடி.”

ஞானமுத்து இந்த வாக்கியத்தைச் சொன்னபோது நான் டீத்தட்டை ஏந்திக்கொண்டு ஹாலின் வாசலில் நின்றிருந்தேன். திண்டிவனத்தில் எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்து ஹால் அது. யுத்தகாலம். பயணியர் பங்களாவில் பட்டாளத்து ஆட்கள் இறங்கியிருந்ததால், சென்னையிலிருந்து வந்த வெள்ளைக்கார அதிகாரி விவசாயிகளைப் பார்ப்பதற்கு எங்கள் ஹாலைக் கேட்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கு அன்று லீவு. டீச்சர்களுக்கு டீ போடும் வேலை.

துரை நல்ல உயரம். மூக்கு நுனி வெயிலில் தோலுரிந்து போயிருந்தது. அவருக்கு எதிரே, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, செம்மண் காட்டுப் பக்கத்து கிராமத்துக்காரர்கள் நின்றார்கள். அவர்களுக்காகப் பேசியவர் ஏழுமலை என்ற பெரியவர். நடுவில் நின்று இரண்டு பக்கத்துப் பேச்சையும் மாற்றிச் சொன்னவர் ஞானமுத்து. ஊருக்குப் பக்கத்திலிருந்த சர்க்கார் மல்லாட்டைப் பண்ணையில், அதாவது நிலக்கடலைப் பண்ணையில், அவருக்கு வேலை. வழக்கமாக மொழிபெயர்க்கும் குமாஸ்தாவுக்குக் காய்ச்சல் என்று, காலையில்தான் இவரைப் பிடித்து நிறுத்தியிருந்தார் அவருடைய மேலதிகாரி.

பர்மா அரிசி நின்றுபோயிருந்தது. எண்ணெய் வித்துப் போடுகிறவர்களையெல்லாம் நெல் போடவைக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. “இந்த வருஷம் மல்லாட்டைக்குப் பதில் நெல் போடுவீர்களா?” என்று துரை கேட்டார். ஏழுமலை இரண்டு கைகளையும் விரித்து, ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னார்:

“தண்ணி இருந்தா நெல்லு போடுவோம்ங்க.”

அதைத்தான் ஞானமுத்து நான் மேலே எழுதிய மாதிரி இங்கிலீஷில் சொன்னார். துரையின் முகம் மலர்ந்தது. “குட்” என்றார். பென்சிலை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

டீயைக் கொடுக்க உள்ளே போகாமல் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். ஏன் என்று சொல்வதற்கு, நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சனிக்கிழமை வகுப்பு

அந்த மேலதிகாரி ஞானமுத்துவிடம் ஒருநாள், இலாகா பரீட்சையில் இங்கிலீஷ் தாள் தேறினால்தான் மேல் உத்தியோகம், இல்லாவிட்டால் தலை நரைக்கும்வரை விவசாயிகளுக்கு ஏர் பிடித்துக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். ஞானமுத்து எங்கள் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர். ஹெட்மிஸ்ட்ரஸ் மரகதம் அம்மாளிடம் வந்து நின்றார். அம்மாள் என்னைக் கூப்பிட்டு, “சுகிர்தம், சனிக்கிழமை காலையில சொல்லிக் குடு. நான் பக்கத்துலயே இருக்கறேன்” என்றார்கள்.

சொன்னபடியே இருந்தார்கள். பள்ளி வராந்தாவில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி; கொஞ்சம் தள்ளி அம்மாளின் சாய்வு நாற்காலி. கையில் எப்போதும் ஒரு பின்னல் வேலை. எனக்கு வயது இருபத்திரண்டோ இருபத்துமூன்றோ. அவர் என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருப்பார். கூலி வாங்க மாட்டேன் என்று நான் சொன்னதால், பண்ணையில் கழித்துப்போட்ட மல்லாட்டையைப் பையில் கொண்டுவருவார். அதைப் பள்ளிச் சமையலறையில் உப்புப் போட்டு அவித்து வைப்பார்கள். பாதிக்கு மேல் அம்மாள்தான் சாப்பிடுவார்கள். ஓடு உடையும் சத்தம் நின்றால், அம்மாள் எங்களைக் கவனிக்கிறார்கள் என்று அர்த்தம்.

இலக்கணப் புத்தகம் லண்டனில் அச்சானது. ‘இஃப்’ வாக்கியங்கள் என்று நாலைந்து பக்கம், மூன்று ரகமாக. பனி பெய்யாமல் இருந்திருந்தால் நாங்கள் சந்தைக்குப் போயிருப்போம். நான் ராஜாவாக இருந்தால் நரி வேட்டைக்குப் போவேன். இப்படி.

அவருக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை. மூன்று சனிக்கிழமை பனியோடும் நரியோடும் போராடிப் பார்த்துவிட்டு, நான் புத்தகத்தை மூடிவைத்தேன்.

“உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க. மழைக்கு முன்னாடி வெதைச்சா என்ன ஆவும்?”

“எறும்பு தின்னுடும்.”

“அதை இங்கிலீஷ்ல சொல்லுங்க.”

சொன்னார். தப்பில்லாமல் சொன்னார். அதன்பிறகு வகுப்பு ஓடத் தொடங்கியது. கொட்டையை ஊறவைத்துப் போட்டால் சீக்கிரம் முளைக்கும். களை எடுக்காவிட்டால் காய் சிறுக்கும். கேப்பை மாவில் தண்ணீர் அதிகமானால் களி கூழாகிவிடும். இந்த முதல் ரக வாக்கியங்களை அவர் நிலத்தை உழுகிற மாதிரி சால் சாலாகச் சொல்லிக்கொண்டு போனார்.

இரண்டாவது ரகத்தில் மாடு படுத்துக்கொண்டது.

இல்லாததைச் சொல்வது

‘நான் பணக்காரனாக இருந்தால் தினமும் நெல்லுச் சோறு சாப்பிடுவேன்.’ இதை இங்கிலீஷில் சொல்லும்போது ‘ஐ’க்குப் பக்கத்தில் ‘வேர்’ வரும், ‘வில்’ போய் ‘வுட்’ வரும் என்றேன்.

அவர் யோசித்தார். “டீச்சர், நான்தான் பணக்காரன் இல்லியே” என்றார்.

“இல்லேன்றதாலதான் வேர். இல்லாததைச் சொல்றதுக்குன்னே இருக்கற வாக்கியம் இது.”

“இல்லாததை எதுக்குச் சொல்லணும்?”

அவர் குறும்புக்காகக் கேட்கவில்லை. அவருடைய சுபாவமே அப்படி. சந்தையில் விதை வாங்க வருகிறவனிடம், “இது போன வருஷத்து விதை, பாதிதான் முளைக்கும்” என்று தானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிற மனிதர். அதற்காக மேலதிகாரியிடம் திட்டு வாங்கியிருக்கிறார். அப்படிப்பட்டவரிடம் போய், நீங்கள் பணக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றால் எப்படி வைத்துக்கொள்வார்?

தமிழில் இந்தத் தொல்லை இல்லை என்பதையும் அப்போதுதான் நானே கவனித்தேன். ‘தண்ணி இருந்தா’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். இருக்கலாம் என்று நினைத்துச் சொன்னாலும் அதே சொல், இல்லவே இல்லை என்று தெரிந்து சொன்னாலும் அதே சொல். மிச்சத்தைக் குரல் பார்த்துக்கொள்ளும், கை பார்த்துக்கொள்ளும், பெருமூச்சு பார்த்துக்கொள்ளும். வெள்ளைக்காரனுக்குப் பெருமூச்சு போதாது. அவனுக்கு வினைச்சொல் மாற வேண்டும்.

ஆச்சரியம் என்னவென்றால், எல்லோரும் தடுக்கி விழுகிற மூன்றாவது ரகம் அவருக்கு ஒரே நாளில் வந்துவிட்டது. நடந்து முடிந்துபோனதைப் பற்றி, வேறு மாதிரி நடந்திருந்தால் என்று சொல்கிற வாக்கியம் அது. அவராகவே ஒன்று சொன்னார். ‘அந்தப் புரட்டாசியில் ஒரு மழை பெய்திருந்தால், எங்கள் அப்பா வண்டி மாட்டை விற்றிருக்க மாட்டார்.’

‘ஹேட்’டும் ‘வுட் ஹேவ்’வும் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தன. அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஓடு உடையும் சத்தம் நின்றிருந்தது.

அந்த வருஷம் எது என்று நான் கேட்கவில்லை. எனக்கே தெரியும்.

பெய்யாத மழை

நாங்கள் கண்டமங்கலம். எங்களுக்கு நிலம் கிடையாது. அம்மாவும் அப்பாவும் ஊரார் நிலத்தில் வேலை செய்தார்கள். அம்மா நாற்று நடுவதில் கெட்டிக்காரி. நிலத்துக்காரர் வீட்டம்மா வரப்பில் குடையோடு நிற்பாள். அம்மா சேற்றில் குனிந்து நிற்பாள். கூலி நெல்லாக வரும். அது தீர்ந்தால் கேப்பைக் கூழ். கூழுக்கு வெங்காயம் இருந்தால் அது விசேஷ நாள்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. நடவே இல்லாதபோது கூலி எங்கிருந்து வரும்? அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு விழுப்புரம் ஜங்ஷனுக்கு வந்தார். எஞ்சின் ஷெட்டில் கரி அள்ளும் வேலை கிடைத்தது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குடிசை. நான் ஒரு வாய் குறைந்தால் தம்பிகளுக்கு ஆகும் என்று, சோறு போட்டுப் படிக்கவைக்கும் திண்டிவனம் போர்டிங்கில் கொண்டுவந்து விட்டார்கள். முதல் நாள் பந்தியில் எனக்கு இரண்டாம் முறை சோறு வைத்தார்கள். வைக்கலாமா என்று கேட்காமலே வைத்தார்கள். வீட்டு நினைவு வந்து அழுத பிள்ளைகளுக்கு நடுவில், நான் சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

ஆக, அந்த வருஷம் மழை பெய்திருந்தால் நான் டீச்சர் ஆகியிருக்க மாட்டேன். இதை அவரிடம் இங்கிலீஷில் சொன்னேன். அவர் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார், பாடத்தைச் சொல்லிப் பார்ப்பதுபோல. பிறகு தமிழில், “அப்ப அந்த மழை பெய்யாததுல ஒரு நல்லதும் இருக்குது” என்றார். சொன்னவுடன் காது சிவந்து, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மணி இன்னும் ஆகவில்லை.

மரகதம் அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். “பையன் தேறிடுவான்” என்றார்கள். பரீட்சையைச் சொன்னார்களா, வேறெதையாவது சொன்னார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

கோதுமை வந்த கதை

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். அரிசித் தட்டுப்பாடு வந்தபோது ரேஷனில் கோதுமை போட்டார்கள். எங்கள் பக்கத்தில் அதை யாரும் கண்டதில்லை. ஜனங்கள் அதை அரிசி மாதிரி உலையில் கொட்டி, விறகு தீரும்வரை வேகவைத்தார்கள். என் அம்மா அதை வடித்து, மிளகாய்த் துவையலோடு அப்பாவுக்குப் போட்டாள். அப்பா நெடுநேரம் மென்றார். “கரி அள்ளறதே மேலு” என்றார்.

ஞானமுத்துவிடம் இதைச் சொல்லி, வாக்கியமாக்கச் சொன்னேன். கோதுமையை மாவாக அரைத்திருந்தால் அப்பாவின் பல் பிழைத்திருக்கும் என்று இங்கிலீஷில் சொன்னார். மரகதம் அம்மாளே சிரித்துவிட்டார்கள். இப்படியாக மூன்றாவது ரகம் அழவும் உதவியது, சிரிக்கவும் உதவியது. இரண்டாவது ரகம் மட்டும் கடைசிவரை சண்டித்தனம் செய்தது. அவசரத்தில் பேசினால் ‘வுட்’ வரவேண்டிய இடத்தில் ‘வில்’ வந்து நின்றுவிடும்.

அந்த நிலையில்தான் அவரைத் துரைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

வில்லா, வுட்டா

ஹாலுக்குத் திரும்புகிறேன்.

ஏழுமலை சொன்னதற்கு அர்த்தம், எங்களுக்குத்தான் தண்ணீரே இல்லையே, இருந்தால் நெல் போடாமல் இருப்போமா என்பது. துரை எழுதிக்கொண்டதோ, தண்ணீர் வந்ததும் நெல் போடுவதாக ஒப்புக்கொண்டார்கள் என்பது. எழுதி முடித்துவிட்டு மேலதிகாரியிடம் சொன்னார்: இவர்கள் நெல்லுக்குச் சம்மதித்துவிட்டார்கள், ஆகவே இந்தக் கிராமத்துக்கு மல்லாட்டை விதை கொடுக்க வேண்டாம், நெல் விதை அனுப்புங்கள். மேலதிகாரி சந்தோஷமாகத் தலையாட்டினார். மற்ற கிராமங்களில் வாக்குவாதம் நடந்திருந்தது. இது ஒன்று சுலபமாக முடிந்தது என்ற நிம்மதி அவருக்கு.

வானம் பார்த்த அந்தச் செம்மண் காட்டில் நெல் விதையைத் தூவினால் குருவிக்குத்தான் ஆகும். ஆடியில் மல்லாட்டை போடாவிட்டால் அடுத்த வருஷம்வரை அவர்களுக்கு ஒன்றும் கிடையாது. இது எனக்கும் தெரியும், ஞானமுத்துவுக்கும் தெரியும். பெரியவருக்கு, என்ன முடிவாயிற்று என்பதே தெரியாது. “போவலாம்ங்களா?” என்று கேட்டார்.

ஞானமுத்து துரையின் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தார். தாம் சொன்ன வாக்கியத்தை மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்க்கிறார் என்று அவர் உதடு அசைவதில் தெரிந்தது. நான் வாசலைவிட்டு நகரவில்லை. அங்கே வாய் திறக்க எனக்கு இடமில்லை. அவருக்கும் பெரிதாக இடமில்லை. முதன்முதலாகத் துரைக்கு முன்னால் நின்றிருக்கிறார். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றால் அதோடு மேல் உத்தியோகம் போயிற்று.

நிமிர்ந்தார். “சார், மை மிஸ்டேக்” என்றார்.

மேலதிகாரி தமிழில், தணிந்த குரலில், “சும்மா இருய்யா” என்றார்.

ஞானமுத்து சும்மா இருக்கவில்லை. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தார்.

“இஃப் வீ ஹேட் வாட்டர், வீ வுட் ப்ளான்ட் பேடி. வீ ஹேவ் நோ வாட்டர், சார்.”

துரை பென்சிலை நிறுத்தினார். “வில்லா, வுட்டா? எதைச் சொல்கிறீர்கள்?” என்று இங்கிலீஷில் கேட்டார். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற தோரணைதான்.

“வுட், சார்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் மேலும் சொன்னார். போன வருஷம் ஏரி நிரம்பியிருந்தால், நீங்கள் கேட்பதற்கு முன்பே இவர்கள் நெல் போட்டிருப்பார்கள். கேட்டிருக்கவே வேண்டியதில்லை. நீளமான வாக்கியம். நடுவில் ஓர் இடத்தில் மூச்சு வாங்கினார். ஆனால் தப்பில்லை. ஒரு சொல்கூடத் தப்பில்லை. நான் தட்டைப் பக்கத்து மேஜையில் வைத்துவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டேன்.

துரை தாம் எழுதியதை அடித்தார். மறுநாள் காலை அந்தக் கிராமத்துக்குத் தாமே போனார். ஞானமுத்துவும் கூடப் போனார், அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கிணற்றை எட்டிப் பார்த்த துரை ஒரு கல்லைப் போட்டாராம். கல் விழுந்த சத்தம் கேட்டது, தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை. மல்லாட்டை விதையைக் கொடுங்கள், ஓரமாக ஒரு பங்கு நிலத்தில் கேப்பை போடட்டும் என்று முடிவு சொன்னாராம். ஏழுமலை அதற்கு உடனே ஒத்துக்கொண்டார். கேப்பை அவர்கள் எப்போதும் போடுவதுதான்.

தண்டனை என்று யாரும் சொல்லவில்லை

ஞானமுத்து அந்த வருஷம் இலாகா பரீட்சையில் தேறினார். மேல் உத்தியோகமும் வந்தது. ஆனால் ஊர் மாற்றலோடு வந்தது. தெற்கே, ரயில் மாறி மாறிப் போக வேண்டிய ஒரு பண்ணைக்கு. துரைக்கு முன்னால் தம் பேச்சை மீறியவனை, மேலதிகாரி பக்கத்தில் வைத்துக்கொள்ள விரும்பவில்லை. கடுமையாக ஒரு வார்த்தை பேசவில்லை. உத்தரவைக் கையில் கொடுத்து, நல்லாயிரு என்று மட்டும் சொன்னாராம்.

கடைசிச் சனிக்கிழமை வராந்தாவுக்கு வந்தார். பாடம் இல்லை. மரகதம் அம்மாள் ஏதோ நினைத்துக்கொண்டவர்களாக எழுந்து உள்ளே போய்விட்டார்கள். அத்தனை மாதத்தில் அதுதான் முதல் தடவை.

“எங்கம்மாகிட்ட உங்களப் பத்திச் சொல்லிட்டேன்” என்றார். “அவங்க இன்னும் சரின்னு சொல்லல. சொல்லுவாங்களான்னும் தெரியல. அதையும் உங்ககிட்ட சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்.”

“என்னைக் கேக்கவே இல்லியே நீங்க.”

“இப்பத்தான் கேக்கறேன்.”

நான் சரி என்றேன். வேறென்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் போன பிறகு, மல்லாட்டை ஓடுகளைப் பெருக்கித் தள்ளினேன் என்பது நினைவிருக்கிறது.

விழுப்புரத்துக்கு வந்தவர்

எங்கள் இரு வீட்டுக்கும் சபை ஒன்றுதான். ஊர் வேறு. எந்த ஊர்க் கோயிலிலும் எங்களைப் போன்றவர்கள் உட்காரும் பெஞ்சு வேறு, அவர்களைப் போன்றவர்கள் உட்காரும் பெஞ்சு வேறு; குடியிருக்கும் தெருவும் வேறு. அவர்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு, எங்களுக்கு இல்லை. அதற்குக் கீழே, யாரும் வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு வித்தியாசமும் இருந்தது. அவருடைய மாமா ஒரு யோசனை சொன்னாராம்: பெண்ணின் அப்பா கரி அள்ளுகிறார் என்று சொல்லாதே, ரயில்வே உத்தியோகஸ்தர் என்று சொல், பூர்வீகத்தைக் கேட்டால் மழுப்பிவிடு. யாரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார் பாருங்கள். இவர் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி தம் அம்மாவிடம் சொல்லிவிட்டுத் தெற்கே ரயிலேறிவிட்டார்.

ஒரு வருஷத்துக்கு மேல் அந்தப் பக்கமிருந்து பேச்சே இல்லை. என் அம்மா, “உட்ருடி. நாம யாரு, அவங்க யாரு” என்றாள். அப்பா கரி படிந்த கையைக் கழுவும்போது வழக்கத்தைவிட அதிக நேரம் தேய்த்தார்.

தை மாதம், நான் லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்த ஒரு காலையில், தண்டவாளத்தைத் தாண்டி ஓர் அம்மாள் தனியாக வந்தார்கள். வெள்ளைப் புடவை. கையில் ஒரு தூக்கு. யாரிடமோ வழி கேட்டுக்கொண்டே வந்து எங்கள் குடிசை முன்னால் நின்றார்கள். முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. மகனுக்கு அதே மூக்கு.

அம்மா பதறிக்கொண்டு வெளியே வந்தாள். வீட்டிலிருந்த ஒரே கயிற்றுக் கட்டிலைத் தட்டி, துணி விரித்து, உட்காரச் சொன்னாள். தான் சுவரோரம் ஒதுங்கி நின்றுகொண்டாள். நிலத்துக்காரர் வீட்டம்மாவிடம் கூலி வாங்க நின்ற அதே நிலை, கை இரண்டையும் முன்னால் கோத்துக்கொண்டு.

அந்த அம்மாள் உட்கார்ந்து, என்னை மேலும் கீழும் பார்த்தார்கள்.

“நாத்து நடத் தெரியுமா உனக்கு?”

“தெரியாதுங்க” என்றேன். சிறுவயதிலேயே போர்டிங்குக்கு வந்துவிட்டவள் நான். எனக்கு நிஜமாகவே தெரியாது.

“இன்னாதான் தெரியும்?”

“இங்கிலீஷ் தெரியும்.”

அவர்கள் கையிலிருந்த தூக்கைக் கீழே வைத்தார்கள். ஷெட்டில் ஓர் எஞ்சின் நீராவி விட்டது. அந்த இரைச்சல் அடங்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

“எனக்கு நாத்து நடத் தெரியும், இங்கிலீஷு தெரியாது” என்றார்கள். “ஒரு ஊட்டுக்கு ரெண்டும் வேணும்தான்.”

பிறகு என் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். “நீ ஏம்மா நின்னுக்கினே கீறே?” என்று கேட்டார்கள். அம்மா, பரவாயில்லைங்க என்று முணுமுணுத்தாள். அவர்கள் எழுந்து வந்து அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்கள். இழுத்த வேகத்தில் அம்மா கட்டிலில் வந்து விழுந்தமாதிரி உட்கார்ந்தாள். கயிறு இரண்டு பேரின் கனத்துக்கும் தாழ்ந்து, இருவரையும் ஒன்றாகச் சாய்த்தது.

அம்மா எழுந்திருக்கப் பார்த்தாள். அவர்கள் கையை விடவில்லை.